நாற்பத்தொரு படிவம், நாற்பத்தொரு யானை

போடிநாயக்கனூர் சப் ரிஜிஸ்திரார் கச்சேரிக்கு எதிரில், சைக்கிள் கடைக்கும் வெற்றிலைக் கடைக்கும் நடுவே ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, ஒரு மைப்புட்டி. இருபத்திரண்டு வருஷமாக அங்கே உட்கார்ந்து மனு எழுதுகிறேன். என் பெயர் ராக்கையா. சர்க்காருக்கும் ஜனங்களுக்கும் நடுவே இந்த வட்டாரத்தில் பேச்சுவார்த்தை என்று ஒன்று நடந்திருக்குமானால், அது என் கையெழுத்தில்தான் நடந்திருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் நான் எவ்வளவு பொறுப்பு என்பது வாசகர்களுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன்.

என் மனு ஒவ்வொன்றிலும் ஒரு யானை இருக்கும்.

இது ஒரு மழையில்லாத வருஷத்தில் ஆரம்பித்தது. ராசிங்காபுரத்துச் சம்சாரி ஒருவருக்காகத் தீர்வைத் தள்ளுபடி மனு எழுதினேன். மழை பெய்யவில்லை, பயிர் கருகிவிட்டது என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். ‘காரணம் போதாது’ என்று திரும்பி வந்தது. எனக்குக் கோபம். அதே மனுவின் அடியில், ‘கருகாமல் மிஞ்சிய பயிரை யானை தின்றுவிட்டது’ என்று ஒரு வரி சேர்த்து மறுபடி அனுப்பினேன். பதினைந்து நாளில் தள்ளுபடி வந்துவிட்டது. அந்தச் சம்சாரி தன் ஆயுளில் யானையைக் கோயில் வாசலில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

அப்போது எனக்கு ஞானம் பிறந்தது. பட்டணத்தில் மாடியறையில் உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்கு, மழை பெய்யாதது ஒரு விஷயமே இல்லை. அவர் தெருவிலும்தான் பெய்யவில்லை. யானை என்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் யோசிப்பார். அந்த ஒரு நிமிஷம் போதும். அதற்குப் பிறகு பட்டா மாற்றமா, சர்க்கரை பர்மிட்டா, வாத்தியாருக்கு மாற்றலா, எல்லாவற்றின் கடைசியிலும் ஒரே வாக்கியம்தான்: ‘மேலும், மலையடிவாரத்தில் யானைகளின் அட்டகாசம் நாளுக்கு நாள் பெருகி வருவதைத் தங்கள் சமுகத்தின் மேலான கவனத்திற்குப் பணிவன்புடன் கொண்டு வருகிறேன்.’ ஜனங்களும் பழகிவிட்டார்கள். மனுவை வாசித்துக் காட்டினால் மற்றதைக் கேட்கமாட்டார்கள். “யானை இருக்குல்லண்ணே?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கைநாட்டு வைப்பார்கள்.

நிஜமான யானைக்காக என்னிடம் மனு எழுத வந்தது ஒரே ஒரு ஆள். தேவாரத்துச் சுருளியம்மாள். மலை ஓரத்தில் ஒன்றரை ஏக்கர். சோளம் கதிர் விட்டதும் யானை வந்துவிடும். அவள் புருஷன் பரண் போட்டுத் தகரம் அடித்து விரட்டிக்கொண்டிருந்தான். அவன் செத்த பிறகு பத்து வருஷமாக அவளே பரணில் ஏறிக் காவல் இருக்கிறாள். அவள் ஒருத்திக்கு மட்டும் நான் பொய் எழுதியதில்லை. எழுத அவசியம் இருக்கவில்லை.

முதல் ஐந்தாண்டுத் திட்டம் முடிகிற சமயம். நாட்டில் எதை எடுத்தாலும் ‘திட்டம்’, ‘சமுதாயம்’ என்று சொல்வது நாகரிகமாக இருந்தது. பஸ் நிலையத்தில் இருந்த காபி கிளப்பு ‘சமுதாயக் காபித் திட்டம்’ என்று பலகை மாட்டியது; காபி அதே காபிதான். அப்படிப்பட்ட நல்ல காலத்தில் போடிக்கு ஒரு சமுதாயக் கல்லூரி வந்தது. கூடவே, புஷ்கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒரு ஸ்பெஷல் ஆபீசரும் வந்தார்.

திறப்பு விழாவில் அவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். “இக்கல்லூரி பிராந்தியத்தின் மாணவர்களுக்கும் தொழில் நடத்துவோருக்கும் இடையே ஒரு பாலமாகத் திகழும்” என்றார்.

ஏலக்காய் எஸ்டேட்டுக் கண்ணுச்சாமி முன்வரிசையில் இருந்தபடியே கேட்டார்: “பாலம்னா முந்தல் ரோட்டுல ஒண்ணு கட்டிக் குடுங்க சார். மழைக்கு ரோடு அத்துக்கிட்டுப் போகுது.”

“அது மராமத்து இலாகா. நான் சொல்வது உவமைப் பாலம்” என்றார் ஆபீசர். எல்லாரும் கை தட்டினோம்.

மறுநாள் காலையில் சுருளியம்மாள் தன் மகனைக் கூட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். பையன் பெயர் காசிமாயன். எட்டாவது பாஸ், பத்தொன்பது வயசு. வழியில் எங்கேயாவது லாரி நின்றால் அதன் அடியில் போய்ப் படுத்துவிடுகிற ஜாதி.

“அண்ணே, அந்தக் காலேசுல மோட்டார் படிப்பு இருக்காம்ல. இவனுக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்க” என்றாள். “எங்கப்பன் யானை வெரட்டுனாரு. எம் புருசன் யானை வெரட்டியே போய்ச் சேந்தாரு. நான் இன்னைக்கும் பரணு மேல கெடக்கேன். இவன் கையில ஸ்பேனரு இருக்கணும்ணே. தகரம் இருக்கப்படாது.”

“கவலப்படாத ஆத்தா. மோட்டார் மெக்கானிக்குக்கு மதுரைக்கு ஓட வேண்டியிருக்கு இங்க. படிச்சு முடிச்சா எஸ்டேட்டுக்காரங்க வீடு தேடி வந்து கூட்டிட்டுப் போவாங்க” என்று வாக்குக் கொடுத்தேன். உண்மையாக நம்பித்தான் கொடுத்தேன்.

ஆனால் மோட்டார் படிப்பு அப்போது உத்தேசமாகத்தான் இருந்தது. மோட்டார் வாத்தியார் வந்துவிட்டார், ஸ்பேனர் பெட்டிகள் வந்துவிட்டன, பட்டாளத்தில் கழித்துப்போட்ட ஜீப்பு என்ஜின் ஒன்றும் ரயிலில் வந்துவிட்டது. வராதது உத்தரவு மட்டும். அதற்கு முன்னால் பிராந்தியத்தின் தேவை என்ன என்று கண்டுபிடித்தாக வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அதற்கென்று பத்தொன்பது கலம் கொண்ட ஒரு இங்கிலீஷ் படிவம் அச்சடித்து, எஸ்டேட்டுக்காரர்கள் நாற்பத்தொரு பேருக்கும் அனுப்பினார்கள்.

இங்கிலீஷ் படிவம் வந்தால் போடியில் யாரிடம் வருவார்கள்? நாற்பத்தொரு பேரும் என்னிடம் வந்தார்கள். முதலில் வந்தவர் கண்ணுச்சாமி.

“கவர்மெண்டு காகிதம்ணே. பாத்து எழுதுங்க.”

“உங்களுக்கு எந்த மாதிரி ஆள் வேணும்னு கேக்குறாங்க.”

“மோட்டார் மெக்கானிக்குதேன், வேற யாரு? நம்ம ஜீப்பு நாலாவது வளைவுல படுத்து மூணு நாளாச்சு. ஆளுகளை ஏத்திக்கிட்டுப் போடிமெட்டுக்குப் போக வழியில்ல. மதுரைக்காரன் வர்றதுக்குள்ள ஏலக்கா பூராம் பழுத்து உதுந்துரும்.”

நான் பேனாவை எடுத்தேன். அப்புறம் கீழே வைத்தேன். இத்தனை வருஷத் தொழில் புத்தி என் கையைப் பிடித்துக்கொண்டது.

“அப்ப உங்ககிட்ட ஜீப்பு இருக்குன்னு நீங்களே எழுதிக் குடுக்கப் போறீங்க.”

கண்ணுச்சாமியின் முகம் மாறியது. “குடுத்தா?”

“ஜீப்பு இருந்தா லோடு இருக்குன்னு அர்த்தம். லோடு இருந்தா வெளைச்சல் இருக்குன்னு அர்த்தம். வெளைச்சல் இருந்தா வரி... அதுக்கு மேல நான் சொல்லல.”

“சொல்லாதீங்க, சொல்லாதீங்க.” துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வேற என்னண்ணே எழுதலாம்? வெளைச்சல் இருக்குன்னும் தெரியக் கூடாது, கவர்மெண்டுக்கு மனசும் எளகணும்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்கு இந்த வட்டாரத்தில் ஒரே பதில்தான் உண்டு.

‘யானை விரட்ட ஆள் தேவை’ என்று எழுதினேன்.

வெளியே போன கண்ணுச்சாமி மற்றவர்களிடம் சொல்லியிருப்பார் போல. அதன் பிறகு வந்தவர்கள் படிவத்தை நீட்டும்போதே, “நமக்கும் அந்த யானையவே போட்டுருங்கண்ணே” என்றார்கள். மூன்று நாளில் வேலை முடிந்தது. நாற்பத்தொரு படிவம், நாற்பத்தொரு யானை. சுருளியம்மாளுக்குக் கொடுத்த வாக்கை நானே என் கையால் அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைக்கவே இல்லை. மனு எழுதுகிறவனுக்கு ஒரு நேரத்தில் ஒரு மனுதான் ஞாபகம் இருக்கும்.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. பிராந்தியத்தின் வேலை தருவோர் நூற்றுக்கு நூறு பேர் ஏகமனதாகத் தெரிவித்த தேவையைக் கருத்திற்கொண்டு, சமுதாயக் கல்லூரியில் மோட்டார் படிப்பு கைவிடப்பட்டு, ‘யானை விரட்டலில் ஓராண்டு டிப்ளமா’ தொடங்கப்படுகிறது.

நான் செருப்பைக்கூட மறந்து கல்லூரிக்கு ஓடினேன்.

“சார், அந்த யானை இருக்கே, அது சும்மா வழக்கத்துக்கு எழுதுறது” என்றேன்.

ஸ்பெஷல் ஆபீசர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நாற்பத்தொரு பேர், ஒருவரை ஒருவர் கலக்காமல், ஒரே பதிலை எழுதியிருக்கிறார்கள். வார்த்தைகூட மாறவில்லை. கையெழுத்தே ஒன்றுபோல இருக்கிறது! இவ்வளவு ஒற்றுமையான பிராந்தியத்தை நான் பார்த்ததில்லை.”

“அந்தக் கையெழுத்து...” என்று ஆரம்பித்தேன். அப்புறம் மனு எழுத வாங்கியிருந்த என் லைசென்ஸ் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேலே எரிச்சல் வருகிறது.

காசிமாயன் சேர்ந்தான். வேறு படிப்பு இல்லை. சேர்ந்த பதினெட்டுப் பேரிடமும், படித்து முடித்ததும் சர்க்கார் சொல்லுகிற இடத்தில் மூன்று வருஷம் வேலை பார்ப்பதாக பாண்டு எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பாண்டையும் நான்தான் எழுதினேன்.

பாடத்திட்டம் பட்டணத்திலிருந்து வந்தது. முதல் தாள், யானையின் வரலாறு. இரண்டாம் தாள், யானையின் மனோதத்துவம். மூன்றாம் தாள், விரட்டல் நடைமுறை. யானையையும் சட்டப்படி நடத்த வேண்டும் என்பது மூன்றாம் தாளின் சாரம். நிலத்தில் அத்துமீறி நுழைந்த யானைக்கு விரட்டுநர் முதலில் ஒரு நோட்டீசு வாசிக்க வேண்டும். ஐந்து நிமிஷம் அவகாசம் கொடுத்து இரண்டாவது நோட்டீசு. அதற்கும் மசியாவிட்டால்தான் தகரம். தீப்பந்தம் வேண்டுமானால் ரேஞ்சு ஆபீசில் முன் அனுமதி.

இதையெல்லாம் கற்பிக்கும் பொறுப்பு மோட்டார் வாத்தியார் பெரியகருப்பன் தலையில் விழுந்தது. அவர் பர்மாச் சண்டையில் பட்டாள லாரிகளை ரிப்பேர் பார்த்தவர். மோட்டார் படிப்பை ரத்து செய்யலாம். நியமித்த வாத்தியாரை ரத்து செய்ய விதியில்லை. ஆகவே ஒரு காகிதத்தில் அவரை யானை விரிவுரையாளராக மாற்றிவிட்டார்கள்.

பெரியகருப்பன் முதல் நாள் வகுப்பில் சொன்னாராம்: “தம்பிகளா, எனக்கு யானையப் பத்தி ஒண்ணும் தெரியாது. உங்களுக்கும் மேலிடத்துக்கும் தெரியாது. ஆகவே யாரும் கூச்சப்பட வேண்டாம்.”

செய்முறைக்கு யானை வேண்டுமே. நிஜ யானை கேட்டு எழுதியதற்கு, பட்ஜெட்டில் தீனிக்கு வழியில்லை என்று பதில் வந்தது. திருவிழாவுக்கு வாகனம் செய்கிறவர்களைக் கூப்பிட்டு மூங்கிலும் சாக்கும் வைத்து ஒரு யானை கட்டினார்கள். கல்லூரிச் சாமான் பட்டியலில் ‘யானை, மாதிரி, ஒன்று’ என்று ஏற்றினார்கள். அதைப் பிள்ளைகள் தள்ளிக்கொண்டு வருவதும், மற்றப் பிள்ளைகள் விரட்டுவதும் ஆபீசருக்குப் பிடிக்கவில்லை. யானை தானாக நடமாட வேண்டும் என்றார்.

பெரியகருப்பனுக்குக் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. “அப்படின்னா யானைக்குள்ள அந்த ஜீப்பு என்ஜினை வைக்கலாமா சார்?”

“பாடத்திட்டத்துக்கு உட்பட்டு எதை வேண்டுமானாலும் வையுங்கள்.”

அன்றிலிருந்து வாத்தியாரும் காசிமாயனும் யானையை விட்டு வெளியே வரவில்லை. மற்ற பதினேழு பேரும் வேப்பமரத்தடியில் மனோதத்துவத்தைத் தலைக்கு வைத்துத் தூங்க, காசிமாயன் யானையின் வயிற்றுக்குள் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான், பிஸ்டன் மாட்டினான், கியரைப் பிரித்துப் பிரித்துக் கோர்த்தான். பத்து மாதத்தில் அந்த என்ஜினை இருட்டில் தடவிப் பார்த்தே கோளாறு சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டான். வருகைப் பதிவேட்டில் ‘யானையின் உள்ளுறுப்புகள் பற்றிய ஆராய்ச்சி’ என்று போட்டார்கள். சுருளியம்மாள் சந்தைக்கு வரும்போதெல்லாம் மகனின் கையை முகர்ந்து பார்ப்பாள். கிரீஸ் வாசம் அடித்தால் அவளுக்கு அன்றைக்கு முழுதும் சந்தோஷம்.

பரீட்சை நாள் வந்தது. மைதானத்தில் ஒரு கட்டுச் சோளத்தட்டை குவித்திருந்தார்கள். ஊரே கூடியிருந்தது, சுருளியம்மாளும் நானும் வேலி ஓரத்தில் நின்றோம். பெரியகருப்பன் உள்ளே உட்கார்ந்து ஓட்ட, யானை புகை கக்கிக்கொண்டு வந்து தட்டை முன்னால் நின்றது. பதினெட்டு மாணவர்களும் காக்கிச் சட்டையில் அணிவகுத்து முதல் நோட்டீசு வாசித்தார்கள். கடியாரம் பார்த்து இரண்டாம் நோட்டீசும் வாசித்தார்கள். இப்போது யானை திரும்பிப் போக வேண்டும்.

யானை ஒருமுறை இருமியது. அப்புறம் சத்தமே இல்லை. என்ஜின் நின்றுவிட்டது.

தகரம் அடித்தார்கள். யானை அசையவில்லை. ஸ்பெஷல் ஆபீசர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். யானை வெளியேறாத பட்சத்தில் விரட்டுநர் அனைவரும் தேர்வில் தோல்வியுற்றவராகக் கருதப்படுவர் என்று சத்தமாக வாசித்தார்.

“டேய் காசி!” என்று வேலியிலிருந்து சுருளியம்மாள் கத்தினாள். “பாத்துக்கிட்டு நிக்கிற? வகுத்துக்குள்ள போடா!”

காசிமாயன் தகரத்தை வீசிவிட்டு, ஸ்பேனரோடு யானையின் அடியில் புகுந்தான். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. ஒரு பெரிய உறுமல். யானை பின்னால் போய், திரும்பி, வாசலைத் தாண்டி, பஸ் நிலையம் வரைக்கும் போய்த்தான் நின்றது.

ஆபீசருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “பலன் தராத தகரத்தைத் துறந்து, யானையின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து விரட்டிய வீரர்” என்று அறிக்கை எழுதி, காசிமாயனுக்கு முதல் வகுப்பில் முதல் இடம் கொடுத்தார்.

அன்று சாயந்திரமே கண்ணுச்சாமி என் மேஜைக்கு வந்தார். “அண்ணே, அந்தப் பயலை எனக்குக் கொண்டாந்து விடுங்க. நம்ம ஜீப்புக்கு ஏத்த ஆளு” என்றார். சுருளியம்மாள் அவர் சொன்னதைக் கேட்டு வாயெல்லாம் பல்லாக நின்றாள். நானும் என் பாவம் கழிந்தது என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் நியமன உத்தரவு வந்தது. பாண்டின்படி, முதலிடம் பெற்றவரை யானைத் தொல்லை மிகுதியாக உள்ள இடத்தில் நியமிக்க வேண்டும். அது எந்த இடம் என்று ரிகார்டைப் புரட்டியிருக்கிறார்கள். ஒரே நிலத்திலிருந்து வருஷா வருஷம் மனு வந்திருப்பது தேவாரத்தில்தான். எல்லாம் என் கையெழுத்து. காசிமாயனுக்கு உத்தியோகம் எங்கே தெரியுமா? சுருளியம்மாளின் ஒன்றரை ஏக்கரில், அவள் பரணில். கூடவே ஒரு ஷரத்து: டிப்ளமா பெறாதோர் மேற்படி பரணில் ஏறுவதோ, யானையை விரட்டுவதோ கூடாது.

சுருளியம்மாள் உத்தரவை என் மேஜையில் விரித்து வைத்தாள். அவள் அழவில்லை, அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

“பரண விட்டு எறங்கத்தானேண்ணே இவனப் படிக்க வச்சேன்? ஒரு வருசம் படிச்சிட்டு அதே பரணுக்கு ஏறி வர்றான். இப்ப எறங்கச் சொல்றது என்னையத்தான்!”

 அந்த மழையில்லாத வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக யானை இல்லாமல் ஒரு மனு எழுதினேன். இவனுக்கு மோட்டார் வேலை தெரியும், எஸ்டேட்டுக்காரர்களுக்கு மோட்டார் ஆள் வேண்டும், ஆகவே விடுவித்து உதவுங்கள் என்று உண்மையை மட்டும் எழுதினேன். எட்டாம் நாள் திரும்பி வந்தது. ‘காரணம் போதாது.’

சர்க்கார் செய்யாததைக் கண்ணுச்சாமி செய்தார். ஆளை ஜீப்பிடம் கொண்டுவர முடியாவிட்டால் ஜீப்பை ஆளிடம் கொண்டுபோவது என்று முடிவு செய்து, மறுபடி படுத்துக்கிடந்த அதை இரண்டு ஜோடி மாடு பூட்டித் தேவாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். காசிமாயன் பரணின் அடியில் வைத்து ஒரு மத்தியானத்தில் கிளப்பிவிட்டான். சேதி மலைக்கெல்லாம் பரவியது. அதற்கப்புறம் அந்த ஒன்றரை ஏக்கரில் எந்நேரமும் இரண்டு ஜீப்பு, ஒரு லாரி. கீழே டிப்ளமா பெற்ற விரட்டுநர் ஜீப்புக்கு அடியில் படுத்திருப்பார். மேலே டிப்ளமா பெறாத அவர் தாயார் தகரத்தோடு உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் தங்களுக்குத் தெரிந்த வேலையைச் சட்டவிரோதமாகச் செய்துவந்தார்கள். மற்றப் பதினேழு டிப்ளமாக்களும் எஸ்டேட்டுகளில் விரட்டுநர் என்ற பெயரில் ஏலக்காய் பறித்தார்கள். மலை நன்றாகவே நடந்தது.

யானை வந்தால் விரட்டுநர் ஏழு பிரதியில் அறிக்கை அனுப்ப வேண்டும். வராவிட்டால் ஒரு கார்டில் ‘இல்லை’ என்று எழுதினால் போதும். காசிமாயனுக்கு ஜீப்பு சோலியே சரியாக இருந்தது. வாராவாரம் ‘இல்லை’ என்று எழுதிப் போட்டுவிட்டான்.

ஒருநாள் ஸ்பெஷல் ஆபீசர் தணிக்கைக்கு வந்தார். அவருடைய ஜீப்பே தேவாரத்துக்கு அரை மைல் முன்னால் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். காசிமாயன் கிரீசுக் கையோடு எழுந்து சலாம் போட்டான்.

“என்ன இது, விரட்டுநர் ஜீப்பு ரிப்பேர் பார்க்கிறாரா?”

“இல்ல சார். யானை வந்தா ஜீப்பு சத்தம் குடுத்து வெரட்டணும். வந்தப்பறமா ஜீப்பைக் கிளப்பிக்கிட்டு இருக்க முடியாதுல்ல சார். அதான் முன்கூட்டியே ரெடி பண்ணி வைக்கிறேன்.”

“ஆகா! பரணில் இருப்பது யார்?”

“பொதுஜனப் பார்வையாளர் சார்.”

ஆபீசர் இரண்டையும் குறித்துக்கொண்டார். காசிமாயன் அவர் ஜீப்பையும் சரி செய்து கொடுத்தான். புதிய முறையில் யானை விரட்டல் வெற்றி, பொதுமக்கள் ஒத்துழைப்பு நூற்றுக்கு நூறு என்று அறிக்கை போயிற்று.

அந்த வெற்றியின் பலனாக மறு வருஷம் அதே பத்தொன்பது கலம் படிவம் மறுபடி வந்தது. பிராந்தியத்தின் இன்றைய தேவை என்ன? நாற்பத்தொரு பேரும் என் மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

“இந்தத் தடவை உண்மையவே எழுதிருவோம்ணே. மெக்கானிக்கு வேணும்னு போடுங்க” என்றார் கண்ணுச்சாமி.

நான் யோசித்தேன். “போட்டா மோட்டார் டிப்ளமா வரும். வந்தா என்ன ஷரத்து வரும்?”

எல்லாருக்கும் பழைய ஷரத்து ஞாபகம் வந்தது. ‘டிப்ளமா பெறாதோர் மோட்டாரைத் தொடக் கூடாது.’ காசிமாயனிடம் இருப்பது யானை டிப்ளமா. மெக்கானிக் வேண்டும் என்று எழுதினால், இருக்கிற ஒரே மெக்கானிக்கும் போய்விடுவான்.

கண்ணுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். “அப்ப நமக்கு அந்த யானையவே போட்டுருங்கண்ணே.”

மறுபடியும் நாற்பத்தொரு யானை எழுதினேன். எழுதி முடித்து மையை ஒற்றும்போது சுருளியம்மாள் வந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, எனக்கும் ஒரு படிவம் போடுங்க. பரணுல ஏற முடியல, முட்டி ரெண்டும் வீங்குது. மகன் சோலிய விட்டுட்டு வரமாட்டான், வரவும் வேணாம். கதுரு புடிச்சிருச்சு, ரெண்டு நாளா யானை எறங்குது. ஒரு ஆள் குடுத்தா நான் சோறு போட்டு வச்சுக்குறேன்.”

நாற்பத்திரண்டாவது படிவத்தை எழுதினேன். இந்தப் பேனாவுக்கு அதைவிட உண்மையான யானை கிடைத்ததில்லை. உருப்படி எத்தனை, தடம் எத்தனை முழம், எந்தப் பக்கமாக இறங்கியது, எல்லாம் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

பதில் நாற்பத்திரண்டும் ஒரே தபாலில் வந்தது. நாற்பத்தொன்றும் ஏற்கப்பட்டு, டிப்ளமா இரண்டு வருஷப் படிப்பாக உயர்த்தப்பட்டிருந்தது. சுருளியம்மாளுடையதை நான் வாசித்துக் காட்டினேன்:

‘மேற்படி நிலத்தில் முதல் வகுப்பில் தேறிய விரட்டுநர் ஏற்கெனவே பணியில் இருப்பதாலும், அவர் பொறுப்பேற்ற நாள் முதல் யானை எதுவும் வரவில்லை என்று வாராந்தர அறிக்கைகளால் ருசுவாவதாலும், மனுதாரர் குறிப்பிடும் யானை நம்பத்தக்கதாக இல்லை.’

அவள் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“இன்னொரு மனு எழுதட்டுமா ஆத்தா? காசி எழுதுன கார்டெல்லாம் தப்புன்னு...”

“வேணாம்ணே. அவன் பொழப்புக்கு ஒல வச்சுப்புடாதீங்க.” முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். “வெரசா போகணும். தேவாரம் பஸ்சு போயிரும்.”

அவள் நொண்டி நொண்டி பஸ் நிலையத்துப் பக்கம் போனாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் பதினோரு பேர் முறைக்காகக் காத்திருந்தார்கள். எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவராவது தலைகுனிவார் என்று பார்த்தேன். முதலில் இருந்தவர் ராசிங்காபுரத்துக்காரர், மழையில்லாத வருஷத்தில் நான் முதல் யானை எழுதிக்கொடுத்த அதே சம்சாரி. தன் மனுவை மேஜையில் தள்ளிவிட்டு, கவலையோடு கேட்டார்:

“அண்ணே, நம்ம யானையாச்சும் பாசாகுமா?”

“உங்க யானை வராத யானைதானே?” என்றேன். “பாசாகும்.”